துண்டுக்காரன்

ஆவணி 2, செவ்வாய்

இன்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரை முழுசாகப் படித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. மேலே சின்ன எழுத்தில் 'ஆராவமுதன் இயக்கும்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 'மிராசுதார் ஏன் சிரிக்கவில்லை?' வெள்ளிக்கிழமை முதல் ஸ்ரீவள்ளி டாக்கீஸில்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கிய காலத்திலிருந்து ஆராவமுதன் படம் ஒன்றையும் விட்டதில்லை. ஆனால் அவர் பெயரை எப்படி எழுதுவார்கள் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். நீளமான பெயர். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். பசை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது. கழுவ மனசு வரவில்லை.

இந்த எழுதுகிற வேலையைக் கொடுத்தது எமிலி டீச்சர். முதியோர் வகுப்பில் எழுத்தெல்லாம் முடிந்துவிட்டது, இனி தினமும் நடந்ததைத் தேதி போட்டு எழுதுங்கள் என்றார். "நடக்காததை எழுதலாங்களா டீச்சர்?" என்று கேட்டேன். "அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க தாத்தா" என்றார்.

நான் இருப்பது கோபியில், மகள் வீட்டில். மகள் பெயர் ருக்குமணி. மாப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தி, மில்லில் சூப்பர்வைசர். பேத்தி சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பெண் கொடுத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறேன். மாப்பிள்ளை கூடத்தில் இருந்தால் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று நான் கேட்பேன். "ஆச்சுங்க மாமா" என்று அவர் சொல்வார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் பேச்சு அவ்வளவுதான். அதிலேயே ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு நல்ல மரியாதை.

எழுதி எழுதிக் கட்டைவிரல் வலிக்கிறது. நல்ல வலி.

ஆவணி 3, புதன்

ரேஷன் கடைக்குப் போனேன். பருப்பு வரவில்லை.

ஆவணி 5, வெள்ளி

படம் பார்த்தாயிற்று!

ருக்குமணியிடம் எமிலி டீச்சர் ஸ்பெஷல் கிளாஸ் வைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனேன். மாப்பிள்ளை காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறார், மாமனார் காலைக்காட்சிக்குப் போகிறார் என்றால் யாருக்கும் நன்றாக இருக்காது. சைக்கிள் கடை ஜமால் எனக்கு முன்னாலேயே வந்து டிக்கெட் எடுத்து வைத்திருந்தான்.

பெயர் போடும்போது நான் சத்தமாகப் படித்துவிட்டேன் போலிருக்கிறது. முன்வரிசைக்காரன் திரும்பிப் பார்த்து, "பெருசு, படத்தைப் பார்க்க விடுங்க" என்றான். ஜமால், "அவரு இப்பத்தான் படிச்சிருக்காரு, நீ எப்ப படிக்கப் போறே?" என்று கேட்டான். அப்புறம் அவன் திரும்பவில்லை.

கதையைச் சொல்கிறேன். ஒரு மிராசுதாருக்கு அறுபதாம் கல்யாணம். அவருக்கு வாய் நிறையத் தங்கப் பல். போட்டோ எடுக்கிறவன் "ஐயா, கொஞ்சம் சிரிங்க" என்கிறான். மிராசுதார் வாயைத் திறக்கிறார். உள்ளே ஒரு பல் இல்லை! அப்படியே மணையில் சாய்ந்து செத்துப் போகிறார். விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டருக்குக் கோழி என்றால் பயம். ஊர் முழுக்கக் கோழி. அதனால் அவர் மாட்டு வண்டியை விட்டு இறங்காமலே விசாரிக்கிறார். சந்தேகப்படுகிறவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்திச் சிரிக்கச் சொல்கிறார். எழவு வீட்டில் அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு இருமல் வந்துவிட்டது, ஜமால் முதுகில் தட்டினான்.

கடைசியில் சமையல்காரனைப் பிடித்து விலங்கு மாட்டுகிறார்கள். அப்போது இன்ஸ்பெக்டர் நம் பக்கம் திரும்பி, "நீங்களும் நம்பிட்டீங்களா?" என்கிறார். ஒரு கோழி வருகிறது. அவர் ஓடுகிறார். படம் முடிந்துவிட்டது. தியேட்டரில் ஒரே கூச்சல்.

ஆகவே சமையல்காரன் இல்லை. அப்படியானால் யார்?

ஆராவமுதன் படத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. உண்மையான குற்றவாளி முதல் காட்சியிலேயே வந்துவிடுவான். எங்கேயோ ஓரமாக, பால் வாங்க வந்தவன் மாதிரி நிற்பான். நம் கண் கதாநாயகி மேல் இருக்கும். அதனால் நான் கதாநாயகியைப் பார்க்கவே இல்லை. ஓரத்தையே பார்த்தேன். ஒருத்தன் மாட்டினான். கல்யாணக் கூட்டத்தில் தோளில் துண்டு போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அதே ஆள் எழவு வீட்டிலும் நிற்கிறான். கோர்ட்டிலும் உட்கார்ந்திருக்கிறான், வேறே சட்டை போட்டுக்கொண்டு. ஒரு சாதாரண ஆளுக்கு இத்தனை இடத்தில் என்ன வேலை?

ஆள் வாட்டசாட்டம். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த மாதிரித் தோள் நிறையப் பேருக்கு உண்டு.

ஆவணி 6, சனி

டீக்கடையில் ஜமாலிடம் சொன்னேன். அவன் கேட்கவே இல்லை.

"நாச்சிமுத்தண்ணே, சமையக்காரன்தான். பாயசத்துல கரண்டியை விட்டான் பாருங்க, அப்பவே எனக்குத் தெரியும்."

"ஜமாலு, அந்தத் துண்டுக்காரனைப் பார்த்தியா?"

"எந்தத் துண்டுக்காரன்? கல்யாண வீட்டுல எல்லாத்துக்கிட்டயுந்தான் துண்டு இருந்துச்சு."

"எல்லாரும் மூஞ்சியக் காட்டறாங்க. அவன் மட்டும் எதுக்கு முதுகக் காட்டறான்?"

"முதுகு அழகா இருக்குன்னு காட்டியிருப்பான். டீயக் குடிங்கண்ணே, ஆறுது."

இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் இவனிடம் பேசவேண்டும்.

ஆவணி 8, திங்கள்

மறுபடியும் ஸ்பெஷல் கிளாஸ். தனியாகப் போனேன்.

துண்டுக்காரன் நான் நினைத்ததைவிட நிறைய இடத்தில் இருக்கிறான். பஸ் ஸ்டாண்டு காட்சியில் கதாநாயகி அழுதுகொண்டு பஸ் ஏறும்போது பின்னால் பெஞ்சில் இருக்கிறான். பஸ் ஸ்டாண்டு நம் ஊருடையதுதான். மாசி, பங்குனியில் இங்கே ஷூட்டிங் நடந்தது, ஊரே போய் வேடிக்கை பார்த்தது, நான்தான் காய்ச்சலில் படுத்திருந்தேன்.

உட்காருவதற்கு முன்னால் அவன் இடது கையால் பிடரியைத் தேய்க்கிறான். பிறகு பெஞ்சைத் துண்டால் இரண்டு தட்டுத் தட்டுகிறான். அதற்கப்புறம்தான் உட்காருகிறான். இந்த வீட்டிலும் ஒருவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. பொதுவாகவே சுத்தம் பார்க்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

பல்லைத் திருடியவன் இவன்தான் என்று எனக்கு முக்கால்வாசி உறுதியாகிவிட்டது. அத்தனை அமைதியாக ஒருத்தன் உட்கார்ந்திருந்தால் அவன் மனசில் ஏதோ இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது ருக்குமணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "காலர்ல இது என்னங்கப்பா?" என்று காட்டினாள். ரோஸ் நிறத்தில் மாவு மாதிரி அப்பியிருந்தது. "மில்லுல ஏதாவது சாயமா இருக்கும் அம்மிணி" என்றேன். அவள் மோந்து பார்த்தாள். "சாயத்துக்கு இத்தன வாசனை இருக்குமா?" என்றாள்.

ஆவணி 9, செவ்வாய்

காலையில் மாப்பிள்ளை எப்போதும் போல எட்டு மணிக்குக் கிளம்பினார். ருக்குமணி வாசலில் நின்று அவர் தெரு முனை திரும்புகிற வரை பார்த்தாள். உள்ளே வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, மில்லு ரோட்டுப் பக்கம் போற ஆளு இந்தச் சந்துல திரும்ப மாட்டாங்க."

"டீக் குடிக்கப் போயிருப்பாரு."

"நேத்து மத்தியானம் போன் பண்ணேன். எடுக்கலை. பின்னால ஏதோ கூட்டம் கூட்டமாச் சத்தம் போடற இடத்துல இருந்து கூப்புட்டாரு. பொம்பளைக சிரிக்கற சத்தம் கேட்டுது. மில்லுல இருக்கேன்றாரு."

"மில்லுல பொம்பளைக இல்லியா?"

"நீங்க யாரு கட்சி?"

பேசாமல் இருந்தால் அவள் அடங்குவாள் என்று நினைத்தேன். அடங்கவில்லை.

"அவரு பையில மூணு சட்டை போட்டு எடுத்துட்டுப் போறாருப்பா. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு சட்டை எதுக்கு? எங்கயோ குளிச்சு மாத்தறாரு. எவளோ ஒருத்தி இருக்கா."

"ச்சீ. வாயைக் கழுவு."

"நீங்க மாமனாரு. கேளுங்க."

"நான் அவரு சோத்தத் தின்னுட்டு அவரையே கேக்கறதா?"

"அது எஞ் சோறு. நாந்தான் ஆக்கறேன்."

சாயங்காலம் மாப்பிள்ளை வந்ததும் கேட்டே விடுவது என்று கூடத்துக்குப் போனேன். அவர் துண்டால் நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தார். "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆவணி 10, புதன்

மழை. மிளகாய் நனைந்துவிட்டது. ருக்குமணி பேசவில்லை.

ஆவணி 11, வியாழன்

இன்று நிறைய எழுத வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. காலையிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்றாம் தடவை போனேன். கூட்டம் குறைந்துவிட்டது. படத்தின் தொடக்கத்திலேயே கோர்ட்டை ஒரு தடவை காட்டுவார்கள். அப்போது வசனத்தைக் கேட்காமல், துண்டுக்காரன் போட்டிருந்த சட்டையை மட்டும் பார்த்தேன். பச்சைக் கட்டம். அதில் நடுவில் ஒரு மஞ்சள் கோடு. போன தீபாவளிக்கு நான் ஜவுளிக்கடையில் வெகுநேரம் நின்று பொறுக்கிய சட்டை அது. கடைக்காரப் பையன், "தாத்தா, இந்த மாதிரி ஒரே பீஸ்தான் இருக்கு" என்றான். மாப்பிள்ளைக்கு மாமனார் எடுத்துக் கொடுக்கும் சட்டை இன்னொருத்தரிடம் இருக்கக் கூடாது என்று அதையே எடுத்தேன்.

எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் போல இருந்தது. இடைவேளையில் வெளியே வந்தேன். சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் வேப்ப மரத்தடியில் ஒருத்தர் குந்தி உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். ருக்குமணி காலையில் கட்டிக் கொடுத்த தக்காளிச் சோறு. மூடியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மாமா... நீங்க கிளாஸுக்கு..."

"மாப்பிள்ளை... நீங்க மில்லுக்கு..."

நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். மரியாதை அதுதான். ஆனால் கால் நகரவில்லை. அவர் எழுந்து, துண்டால் தரையை இரண்டு தட்டுத் தட்டி, "உட்காருங்க மாமா" என்றார். உட்கார்ந்தேன். மூடியில் பாதிச் சோற்றை வைத்து நீட்டினார். மாப்பிள்ளை கையால் நான் வாங்கிச் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை.

அப்போது சொன்னார். தை கடைசியில் மில்லில் ஒரு ஷிப்டையே எடுத்துவிட்டார்கள். இவரையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். கணக்குத் தீர்த்துக் கையில் கொடுத்த பணத்தை மாதாமாதம் சம்பளம் மாதிரி வீட்டில் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று காலையில் கிளம்பி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஒரு நா ஒரு ஏஜெண்டு வந்தானுங்க மாமா. கூட்டத்துக்கு ஆள் புடிக்கறவன். 'அண்ணே, சும்மாத்தான உக்காந்திருக்கீங்க, வீட்டுல இன்னும் ரெண்டு கலர் சட்டை இருக்கா?'ன்னான். வெள்ளை மட்டும் ஆகாதாம், கண்ணக் கூசுமாம். நம்ம சட்டையத்தான் மாத்தி மாத்திப் போட்டுக்கணும். அப்பத்தான் வேற வேற ஆளு மாதிரி தெரியும். மூஞ்சி கேமராவுல பட்டா மறுக்காக் கூப்புட மாட்டான். அதனால திரும்பியே நிக்கோணும்."

நான் அவரை உற்றுப் பார்த்தேன். ஒரு வாரமாக மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மாப்பிள்ளை, மெய்யாச் சொல்லுங்க. மிராசுதாரைக் கொன்னது நீங்கதானே?"

அவர் சோற்றை மென்றுகொண்டே யோசித்தார். "தெரியலீங்க மாமா. எங்களுக்குக் கதையெல்லாம் சொல்ல மாட்டாங்க. அழுன்னா அழுவோம். திரும்புன்னா திரும்புவோம்."

பெல் அடித்தது. உள்ளே போனோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவர் என் காதில் சொன்னார்: "மாமா, நான் இந்தப் படத்த நாலு தடவ பாத்துட்டேன். நான் எங்க வர்றேன்னே தெரியல. அத்தன நாள் நின்னேன். எல்லாத்தையும் வெட்டிப் போட்டுட்டாங்க போல."

"வெட்டலை" என்றேன். "நான் காட்டறேன், பாருங்க."

எழவு வீடு வந்தது. "அதோ, பந்தக்கால் பக்கத்துல." மறுபடியும் கோர்ட்டு வந்தது. "பெஞ்சு ஓரம், பச்சைக் கட்டம்." பஸ் ஸ்டாண்டு வந்தது. "அந்தப் பொண்ணத் தாண்டிப் பாருங்க." ஒவ்வொன்றுக்கும் அவர் முன்னால் சாய்ந்து சாய்ந்து பார்த்தார். தன்னைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்தார். மரியாதைக்கு உடனே விட்டுவிட்டார்.

பிணத்தை எடுக்கிற இடத்தில் ஒரே ஒரு விநாடி அவர் முகம் தெரிகிறது. கூட்டம் முழுக்கப் பொய்யாக அழுகிறது. அவர் மட்டும் அழுகிற மாதிரி இல்லை. தோள் குலுங்குகிறது, வாய் ஒரு பக்கமாகப் போகிறது. "மில்லு விட்ட அடுத்த வாரம் எடுத்ததுங்க அது" என்றார். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "காலர்ல ரோஸ் மாவு?"

முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப வேற படமுங்க மாமா. போலீஸ் வேஷம் குடுத்தாங்க. மூஞ்சிக்கெல்லாம் மேக்கப். ஒரு வசனங்கூட உண்டு. 'சார், ஜீப் ரெடி.'"

"நல்லா இருக்குங்க."

"ருக்குகிட்ட நானே சொல்றேன். நீங்க சொல்லிப்போடாதீங்க மாமா."

சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை முதல் முதலாக ஒன்று கேட்கிறார், எப்படி மறுப்பது?

ஆவணி 12, வெள்ளி

மாப்பிள்ளை சொல்லவில்லை. எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு போய்விட்டார். போகும்போது என்னைப் பார்க்காமல் போனார்.

ஆவணி 13, சனி

பெரிய தப்பு நடக்கப் போகிறது.

ருக்குமணி மாப்பிள்ளையின் அண்ணனுக்குப் போன் செய்துவிட்டாள். அவர் பவானியில் இருக்கிறார், கோபக்காரர், ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் பேசுகிறவர். திங்கட்கிழமை காலையில் இன்னும் நாலு பெரிய மனுஷரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். வந்து கூடத்தில் உட்கார்ந்து, தம்பியை எதிரில் நிறுத்தி, 'யாரு அவ?' என்று கேட்பார்.

"எல்லாத்து முன்னாலயும் கேக்கட்டும்" என்றாள் ருக்குமணி. "ஆமான்னு சொன்னா நான் எம் புள்ளைகிட்ட சேலத்துக்குப் போயிர்றேன். நீங்களும் கெளம்புங்க. நமக்கு இங்க என்ன இருக்கு?"

"இல்லைன்னு சொன்னா?"

"பொய் சொல்றாருன்னு அர்த்தம்."

ஆமென்றாலும் போச்சு, இல்லையென்றாலும் போச்சு. உண்மையைச் சொன்னால் இன்னும் மோசம். வேலை போனதையும், சினிமாக் கூட்டத்தில் நிற்பதையும் அண்ணன் முன்னாலும் நாலு பேர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அந்த மனுஷன் இந்தத் தெருவில் எப்படி நடப்பார்?

சாயங்காலம் மாப்பிள்ளை கிணற்றடியில் கை கால் கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன். "திங்கக்கெழம அண்ணன் வர்றாருங்க. இன்னிக்கே சொல்லிருங்க" என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இன்னிக்குச் சொல்றேனுங்க மாமா" என்றார். உள்ளே போனார். ருக்குமணி காப்பியை டொக்கென்று வைத்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நாளைக்கு ஓவர்டைம் இருக்கு" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கோபமா என்று தெரியவில்லை.

சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வேறு எதுவும் செய்ய மாட்டேன் என்று கொடுக்கவில்லை.

ஆவணி 14, ஞாயிறு

மாப்பிள்ளை ஓவர்டைமுக்குப் போன பிறகு ருக்குமணியிடம், "மத்தியானம் ஒரு படத்துக்குப் போலாமா அம்மிணி?" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு மண்ட கிண்ட கொழம்பிருச்சா? எங் குடும்பமே சந்தி சிரிக்குது, நீங்க சிரிப்புப் படத்துக்குக் கூப்புடறீங்க."

"எனக்குப் பக்கத்துல ஆளு வேணும். எழுத்துப் போடறப்பப் படிக்கறேன், சரியாப் படிக்கறேனான்னு நீ பாக்கணும்."

இது பொய். ஆனால் என்ன சொன்னால் அவள் வருவாள் என்று எனக்குத் தெரியும். முனகிக்கொண்டே புடவை மாற்றினாள்.

தியேட்டரில் ஜமாலும் வந்திருந்தான், எட்டாவது வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான். "தங்கச்சி, சமையக்காரன்தான் கொலகாரன். உங்கப்பா ஒத்துக்க மாட்டேன்றாரு, நீயே பாத்துச் சொல்லு" என்றான். அவன் தொடையை நான் கிள்ளினேன்.

கல்யாணக் காட்சி. ருக்குமணி பார்க்கவில்லை, மடியில் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கை காட்டவும் இல்லை. கையை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

கோழி துரத்துகிற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. அப்புறம் எழவு வீடு வந்தது. பிணத்தைத் தூக்குகிறார்கள். அவள் கைக்குட்டை சுருட்டுவதை நிறுத்தினாள். அந்த ஒரு விநாடி போய்விட்டது, திரையில் வேறே ஏதோ ஓடுகிறது, அவள் இன்னும் அதே இடத்தைப் பார்க்கிறாள்.

கோர்ட்டு வந்தபோது அவளே கண்டுபிடித்துவிட்டாள். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தாள். "நீங்க எடுத்துக் குடுத்த சட்டை" என்றாள். பஸ் ஸ்டாண்டும் வந்தது. பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்கிறார், மடியில் டிபன் பாக்ஸ். நான் மூன்று தடவை பார்த்தும் அந்த டிபன் பாக்ஸைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் "நீங்களும் நம்பிட்டீங்களா?" என்று கேட்டபோது மெதுவாக, "ஆமா" என்றாள்.

வெளியே ஜமால், "என்ன தங்கச்சி, யாரு?" என்று ஓடி வந்தான். "சமையக்காரன்தாண்ணா" என்று அவனிடம் சொல்லிவிட்டு நடந்தாள். வழியெல்லாம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்களுக்கு எப்பப்பா தெரியும்?"

"இப்பத்தான் கொஞ்ச நாளா" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் பத்தவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். விளக்கு வைத்ததும் சாப்பிட உட்கார்ந்தோம். வழக்கமாக நான் பின்கட்டில் சாப்பிடுவேன். இன்று ருக்குமணி எனக்கும் கூடத்திலேயே தட்டு வைத்தாள். சோறு போட்டாள். பருப்பு ஊற்றினாள். அப்புறம் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஒரு எழவுக்குப் போயிருந்தேனுங்க."

"யாரு?" என்றார் மாப்பிள்ளை.

"ஒரு மிராசுதாரு. நீங்களும் வந்திருந்தீங்க. அப்படி அழுதீங்க. என்னையத்தான் பாக்கல."

மாப்பிள்ளையின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார்.

"நான் சொல்லலீங்க மாப்பிள்ளை" என்றேன்.

"அவர எதுக்குப் பாக்கறீங்க? இங்க பாருங்க. எப்ப இருந்து?"

"தையில இருந்து."

"தையில இருந்து தெனமும் நான் கட்டிக் குடுத்த சோத்த எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?"

இதைத்தான் அவள் கேட்டாள். வேலை ஏன் போச்சு என்று கேட்கவில்லை, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கவில்லை.

"பஸ் ஸ்டாண்டுல" என்றார். "மழ பேஞ்சா மாரியம்மன் கோயில்ல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் இன்னொருத்தின்னு நெனச்சேன்."

"இன்னொருத்தியா?" அவர் நிஜமாகவே திகைத்துப் போனார். "எனக்கா? இந்த மூஞ்சிய கேமராவுலயே காட்டாதேன்றாங்க ருக்கு."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவர் எழப்பார்த்தார். "உக்காருங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். ரசத்தோடு வந்தாள். அவர் தட்டில் ஊற்றினாள், தட்டு வழிந்தது, யாரும் சொல்லவில்லை. மூன்று பேரும் சாப்பிட்டோம்.

கை கழுவிவிட்டு வந்து பவானிக்குப் போன் செய்தாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "நாளைக்கு வர வேண்டாங்க மாமா. நான்தான் தப்பா நெனச்சுட்டேன். ஆமாங்க, எம் புத்தி அப்படி. இல்லீங்க, அவரு மேல ஒண்ணுமில்ல." அந்தப் பக்கம் அவர் திட்டுவது இங்கே கேட்டது. அவள் எல்லாவற்றுக்கும் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்றாள். மாப்பிள்ளை வாசல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது.

ஆவணி 15, திங்கள்

எட்டு மணி ஆயிற்று. மாப்பிள்ளை கிளம்பவில்லை. எட்டரைக்கு அறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். குப்புறப் படுத்துக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

ருக்குமணி அடுப்படியில் ஒரு பாத்திரம்கூடச் சத்தம் வராமல் வைத்தாள். பால்காரர் வந்து மணி அடித்தார். ஓடிப் போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னம்மா, யாருக்காச்சும் மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார் அவர்.

"இல்லீங்க. எங்க வீட்டுக்காரரு தூங்கறாரு" என்றாள்.